பூதத்துக்கு முகம் தேடிய கோடை

போன மாதம் ஒரு பெண் என்னைத் தேடி வந்தாள். குழந்தைகள் புத்தகங்களுக்குப் படம் போடுகிறவளாம். கையில் சிலேட்டைப் போல ஒரு கருவி. அதில் குச்சியை வைத்து இழுத்தால் யானை வருகிறது. பிடிக்கவில்லை என்றால் ஒரு தட்டு, யானை போய்விடுகிறது. எங்கள் காலத்தில் வந்த யானை போகாது. பிளேடால் சுரண்டி, காகிதம் ஓட்டையாகி, ஓட்டைக்கு ஒட்டுப் போட்டு, ஒட்டின் மேல் ஒரு மரத்தை வரைந்து மறைக்க வேண்டும். என்னுடைய ஆரம்பகாலப் புத்தகங்களில் தேவையில்லாத இடத்திலெல்லாம் மரம் நிற்பது அதனால்தான்.

"சார், உங்க பழைய புக்ஸ்ல ஒரு மூஞ்சி மாதிரி இன்னொரு மூஞ்சி இல்லவே இல்ல. எப்படி சார் யோசிச்சீங்க?" என்று கேட்டாள்.

"யோசிக்கவே இல்லம்மா. யோசிக்கக் கூடாதுன்னு எங்க ஆபீஸ்ல சட்டம்" என்றேன்.

கிண்டல் என்று நினைத்துச் சிரித்துவிட்டுக் காபியைக் குடித்தாள். அந்தச் சட்டத்தால் ஒரு கோடையில் நான் பட்ட பாட்டைச் சொல்லலாம் என்று தொண்டையைக் கனைத்தேன். அவள் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று எழுந்துகொண்டாள். கனைத்தது கனைத்ததுதான். எனவே இங்கே எழுதுகிறேன்.

நான் மரக்காணத்துக்காரன், பெயர் சூசை. அப்பா படகுக் கயிறும் வலை நூலும் விற்கும் கடை வைத்திருந்தார். மெட்ராஸில் ஓவியம் படித்தேன். படிப்பு என்பது பிளாஸ்டரில் செய்த ஒரு வெள்ளைக்காரர் தலையையும் ஒரு மண்பானையையும் மாற்றி மாற்றி வரைவது. அந்தத் தலை அசையாது, தும்மாது, மூக்கைச் சொறியாது. அதை அச்சாக வரைந்து பரிசு வாங்கியவர்களுக்கெல்லாம் உயிருள்ள மனிதன் எதிரே உட்கார்ந்தால் கை நடுங்கியது. எனக்கும் நடுங்கியது, பரிசு வாங்காமலேயே.

எழுபதுகளின் தொடக்கத்தில் பெரிய முதலியார்சாவடிக்குப் பக்கத்தில் குழந்தைகள் புத்தகம் மட்டுமே போடும் ஒரு சிறிய பதிப்பகத்தில் வேலை கிடைத்தது. ஓட்டுக் கட்டடம், சுற்றிலும் முந்திரி மரங்கள், உள்ளே ஒரு அச்சு இயந்திரம். ஆரோவிலுக்குச் சைக்கிளில் போகும் வெள்ளைக்காரர்கள் நின்று ஜன்னல் வழியாக எட்டிப் பார்ப்பார்கள். நான் அவர்களைத் திரும்பிப் பார்த்து மூக்கை மட்டும் குறித்துக்கொள்வேன். வீட்டில் வேலையைப் பற்றிச் சொன்னபோது அப்பா கேட்டார்: "பூனக்குட்டி வரையறதுக்கு ஒரு ஆபீசா? அதுக்கு தெனம் பஸ் ஏறி வேற போவணுமா?"

பதிப்பகத்தின் ஆசிரியர் தணிகாசலம் சார். பள்ளிக்கூடங்களை ஆய்வு செய்யும் அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர். கதை எழுதுவது, திருத்துவது, அச்சுக்கு அனுப்புவது எல்லாம் அவரே. அவர் குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. வறுத்த வேர்க்கடலையை ஒவ்வொன்றாகத் தோல் நீக்கித் தின்றுகொண்டே படத்தைப் பார்ப்பார். நன்றாக இருந்தால் "ம்" என்பார். மோசமாக இருந்தால் கடலையைக் கீழே வைத்துவிட்டு, "தம்பி, ஒரு சின்ன சந்தேகம்" என்பார். சின்ன சந்தேகம் என்றால் முழுப் படத்தையும் மறுபடி போட வேண்டும் என்று அர்த்தம். "நல்லா இருக்கு" என்ற சொல்லை அவர் வாயிலிருந்து யாரும் கேட்டதில்லை என்று அச்சுக் கோப்பவர்கள் சொன்னார்கள்.

முதல் வாரம் நான் ஒரு ராஜாவை வரைந்துகொண்டு போனேன். முறுக்கு மீசை, பெரிய கண், காதில் குண்டலம். சார் கடலையைக் கீழே வைத்தார்.

"தம்பி, ஒரு சின்ன சந்தேகம். இந்த ராஜா யாரு?"

"ராஜாதான் சார்."

"அதில்ல. இவரு எந்தத் தெரு?"

நான் படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன்.

"மனசுலருந்து எடுத்தீங்கன்னா காலண்டர் மூஞ்சிதான் வரும் தம்பி. எல்லாரு மனசுலயும் அது ஒண்ணுதான் மாட்டியிருக்குது. போய் ஒரு ஆளப் பாருங்க. பாத்துட்டு வந்து போடுங்க. எலியா இருந்தாலும் சரி, எமனா இருந்தாலும் சரி, உசுரோட இருக்கற ஒருத்தரு மூஞ்சியா இருக்கணும்."

சட்டம் என்று நான் சொன்னது இதைத்தான். அன்று மாலை பஸ்ஸில் ஊர் திரும்பியதும் வேட்டையை ஆரம்பித்தேன். எங்கள் பங்குக் கோயிலில் மணியடிக்கும் அந்தோணிசாமி ராஜாவானார். மீன் விற்கும் ஓர் அம்மாள் ராணியாக உட்காரச் சம்மதித்தாள், ஆனால் கூடையை இறக்கி வைக்க மாட்டேன் என்றாள். பூனை தூக்கிக்கொண்டு போய்விடுமாம். கூடை இருந்த இடத்தில் நான் கிரீடத்தை வைத்தேன். தலைக்கு மேல் ஒரு கையை வைத்துக் கிரீடத்தைப் பிடித்துக்கொண்டே அரசாளும் ராணி தமிழ் நாட்டில் அந்த ஒரு புத்தகத்தில்தான் இருக்கிறாள். பாண்டி பஸ் கண்டக்டர் நரியானார். அவர் புத்தகத்தை டிக்கெட் பைக்குள் வைத்துக்கொண்டு, ஏறுகிறவர்களிடமெல்லாம் பிரித்துக் காட்டி, "நரி நான்தான், கரெக்டா இருக்குதா பாருங்க" என்று கேட்டார். கொஞ்ச நாளில் தெருவில் நான் போனால் ஆண்கள் மீசையைத் தடவிக்கொண்டு ராஜா போல நிமிர்ந்து நிற்க ஆரம்பித்தார்கள். திருடனாக நிற்க மட்டும் ஆள் கிடைக்கவில்லை. கடைசியில் அப்பாதான் திருடனாக உட்கார்ந்தார், அதுவும் கடையில் வியாபாரம் இல்லாத நேரத்தில்.

அச்சு விவகாரம் தனிக் கூத்து. எங்களுக்கு இரண்டே நிறம். கறுப்பு ஒன்று, கூடவே இன்னொன்று. கறுப்புக் கோடுகளை வெள்ளை அட்டையில் மையால் போட வேண்டும். அதன் மேல் ஒரு மெல்லிய தாளைப் போர்த்தி, இரண்டாவது நிறம் வர வேண்டிய இடங்களை அதில் தனியாக நிரப்ப வேண்டும். மூலைகளில் கூட்டல் குறி. இரண்டையும் மெட்ராஸுக்கு அனுப்பினால் அச்சடிப்பதற்கான இரண்டு உலோக பிளாக் செய்து வரும். குறியின் மேல் குறி பொருந்தினால் சட்டை ஆளின் மேல் இருக்கும். எங்கள் ஊர்க் கடல் காற்றுக்கு மெல்லிய தாள் என்றால் கொள்ளைப் பிரியம். வீட்டில் வைத்துப் போட்ட தாள் ஈரத்தைக் குடித்து உப்பிப் போய்விட்டது தெரியாமல் அப்படியே அனுப்பிவிட்டேன். அச்சாகி வந்தபோது சட்டை ஒரு பக்கம், ஆள் ஒரு பக்கம். ராணியின் உதட்டுச் சிவப்பு நகர்ந்து காதோரம் போயிருந்தது.

"தம்பி, ஒரு சின்ன சந்தேகம். ராணிக்கு இப்பத்தான் காது குத்துனாங்களா?" என்றார் சார்.

அதற்குப் பிறகு தாள்களை அம்மாவின் அரிசி டிரம்முக்குள் செருகி வைத்தேன். அரிசி ஈரத்தை இழுத்துக்கொள்ளும். சோற்றில் மை வாசனை அடிக்கிறது என்று வீட்டில் கொஞ்ச நாள் சண்டை நடந்தது.

இவை எல்லாவற்றையும்விட நான் நடுங்கியது சாரின் பரீட்சைக்குத்தான். படம் முடிந்ததும் பக்கத்திலிருந்த பள்ளிக்கூடத்துச் சின்ன வகுப்புக்கு எடுத்துப் போவார். கதை வரிகளை ஓர் அட்டையால் மறைத்துவிட்டுப் படத்தை மட்டும் காட்டி, "இங்க இன்னா நடக்குது?" என்று கேட்பார். பிள்ளைகள் சொல்வது கதையோடு ஒத்துப் போனால் படம் தேறியது. இல்லை என்றால் சந்தேகம்தான். ஒருமுறை தாயைப் பிரிந்து அழும் யானைக் குட்டியை உருகி உருகி வரைந்திருந்தேன். வகுப்பு மொத்தமும் ஒரே குரலில், "யானைக்குப் பல்லு வலி" என்றது. என் படிப்புச் சான்றிதழைச் சுருட்டி அரிசி டிரம்முக்குள் போட்டுவிடலாமா என்று இருந்தது.

இப்படியிருக்க, ஒரு கோடையில் சார் உப்புத் தின்னும் பூதத்தின் கதையை எழுதினார். உப்பளத்துக்கு ஒரு பூதம் வந்து அம்பாரம் அம்பாரமாக உப்பைத் தின்கிறது. ஒரு சிறுமி உப்புக் குவியலுக்குள் ஒளிந்துகொள்கிறாள். பூதம் கோபத்தோடு அவளைத் தேடுகிறது. உப்பளம் எனக்குப் பிரச்சினை இல்லை. உப்பை வரையவே கூடாது. சுற்றியிருக்கும் வரப்பையும் வானத்தையும் ஆட்களையும் போட்டுவிட்டு, உப்பு இருக்கும் இடத்தில் காகிதத்தை அப்படியே விட்டுவிட்டால் போதும். சோம்பேறிகளுக்கென்றே கடவுள் படைத்த பொருள் அது. பூதத்தின் முகம்தான் கிடைக்கவில்லை. கறிக்கடைக்காரரைப் பார்த்தேன், கத்தியைத் தூக்கிக்கொண்டு சிரித்தார். சிலம்பம் ஆடுகிறவரைப் பார்த்தேன், வெட்கப்பட்டார். ஊரில் பயப்படும்படியாக இருந்த ஒரே முகம் சவரிமுத்து மேஸ்திரியுடையது.

அவர் உப்பளத்தில் வேலை வாங்குகிறவர். எந்தப் பாத்தியில் உப்பு விளைந்துவிட்டது, எப்போது வார வேண்டும், எங்கே குவிக்க வேண்டும் என்பதெல்லாம் அவர் வாக்கு. பெரிய உடம்பு, பெரிய குரல். அவர் வரப்பில் நடந்து வந்தால் ஆட்கள் பேச்சை நிறுத்திவிட்டுப் உப்பு வாரும் பலகையை வேகமாக இழுப்பார்கள்.

ஆனால் அவருக்கு ரெஜினா என்று ஒரு மகள் இருந்தாள். பூதத்துக்கு முகம் தேடுவதற்கு முன்பிருந்தே நான் அவளைக் கட்டிக்கொள்ள ஆசைப்பட்டேன். வந்த சம்பந்தங்களை எல்லாம் அந்த வீட்டில் தட்டிக் கழித்தார்கள். பெண்ணை எவனுக்கும் கொடுக்க மேஸ்திரிக்கு மனம் வரவில்லை என்று ஊரில் பேசிக்கொண்டார்கள். அப்படிப்பட்டவரிடம் போய், "ஐயா, உங்களைப் பூதமாகப் போடட்டுமா?" என்று எப்படிக் கேட்பது? கேட்கவில்லை. பொட்டலம் கட்டும் முரட்டுக் காகிதத்தையும் கரித்துண்டையும் எடுத்துக்கொண்டு, தினமும் காலையில் பஸ்ஸுக்கு முன்னால், உப்பளத்தை வரைகிற பாவனையில் வரப்பில் உட்கார்ந்து அவரை வரைந்தேன்.

ரெஜினாவும் காலையிலேயே அவருக்குக் கஞ்சித் தூக்கு எடுத்துக்கொண்டு வந்து, வெயில் ஏறும்வரை வரப்பில் நிற்பாள். நான் தலை நிமிரும்போதெல்லாம் என் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த வெயிலில் அவள் எனக்காகத்தான் நிற்கிறாள் என்று நம்பினேன். சட்டையை இஸ்திரி போட்டு உடுத்திக்கொண்டு உப்பளத்துக்குப் போன ஒரே ஆள் நானாகத்தான் இருப்பேன்.

படம் வந்தது. அதற்கு முன்னும் பின்னும் அப்படி ஒரு படம் எனக்கு வரவில்லை. தலையை ஒரு பக்கம் சாய்த்து, கண்ணை இடுக்கி, ஒரு காலை மெல்ல முன்னே விட்டு, கையை நீட்டிக்கொண்டு பூதம் உப்பு மேடுகளுக்கு நடுவே தேடிக்கொண்டிருந்தது. அந்தக் கரிப் படத்தை அப்படியே அட்டையில் மையால் போட்டு எடுத்துப் போனேன். சார் பார்த்தார். கடலை வாயருகே அப்படியே நின்றது. படத்தை எடுத்துக்கொண்டு பள்ளிக்கூடத்துக்குப் புறப்பட்டார். நான் பின்னால் ஓடினேன்.

"இங்க இன்னா நடக்குது?"

வகுப்பு வழக்கம்போல் கத்தவில்லை. முன் வரிசையில் மூக்கொழுகும் ஒரு சிறுமி எழுந்து கிட்டே வந்து பார்த்தாள்.

"பாவம் சார். அதுக்குக் கண்ணு தெரியல."

"கோவமா இல்லையா?" என்றார் சார்.

"இல்ல சார். தடவித் தடவிப் பாக்குது" என்றான் இன்னொருவன். மற்றவர்களும் ஆமாம் ஆமாம் என்றார்கள்.

போச்சு, முழுப் படமும் மறுபடி என்று நான் நினைத்தேன். திரும்பி வரும் வழியில் சார் முந்திரி மர நிழலில் நின்றார். "நல்லா இருக்கு தம்பி" என்றார். என் காதையே நான் நம்பவில்லை. "கதையதான் மாத்தணும். கண்ணு தெரியாத பூதம்னு எழுதிடறேன். அது இன்னும் நல்ல கதை. திங்கக்கிழம பிளாக்குக்கு அனுப்பிடலாம்."

பஸ்ஸில் ஊர் வரும்வரை தரையில் கால் பாவவில்லை. கண்டக்டருக்குக்கூடச் சொன்னேன். ஆனால் மரக்காணத்தில் இறங்கி நடக்கும்போது ஒன்று உறுத்தியது. கோபமான பூதத்தைத்தான் நான் போட நினைத்தேன். கண் தெரியாத பூதத்தைப் போட வேண்டும் என்று நினைக்கவில்லை. கண்ணால் கண்டதைத்தான் போட்டேன்.

மறுநாள் காகிதமும் கரியும் இல்லாமல் உப்பளத்துக்குப் போய்ச் சும்மா உட்கார்ந்து பார்த்தேன். மேஸ்திரி ஒவ்வொரு பாத்தியிலும் காலை விட்டுக் கட்டை விரலால் உப்பைக் கிளறினார். குனிந்து ஒரு சிட்டிகை எடுத்து விரலில் உருட்டினார். பலகை இழுக்கும் சத்தத்துக்குக் காதைக் கொடுத்தார். பிறகு நேராக வரப்பின் விளிம்பை நோக்கி நடந்தார். இன்னும் ஓர் அடி வைத்தால் வாய்க்கால்.

"அப்பா, கஞ்சி!" என்று ரெஜினா குரல் கொடுத்தாள்.

மேஸ்திரி குரல் வந்த பக்கம் திரும்பி, தப்பித்து நடந்தார். கொஞ்ச நேரம் கழித்து அவள் இருமினாள். அவர் நின்றார். எதிரே ஒரு கூடைக்காரன் குறுக்கே போனான். அவள் மறுபடி இருமினாள். அவர் நடந்தார். அந்தக் கோடை முழுக்க அவள் என் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தது உண்மைதான். எனக்கும் அவளுக்கும் நடுவே இருந்த வரப்பில் அவள் அப்பா நடந்துகொண்டிருந்தார். இஸ்திரி போட்ட சட்டையோடு நான் அங்கே உட்கார்ந்திருந்தேன். நெஞ்சு வலித்தது. சிரிப்பும் வந்தது. இரண்டும் ஒன்றாக வந்தது எனக்கு அதுதான் முதல் தடவை.

வெயில் ஏறி அவள் தூக்கை எடுத்துக்கொண்டு கிளம்பியபோது எதிரே போய் நின்றேன்.

"மேஸ்திரிக்குக் கண்ணு தெரியலையா?" என்றேன் மெதுவாக.

அவள் முகம் வெளுத்துவிட்டது. "யாரு சொன்னாங்க? யாருகிட்டயாவது சொன்னீங்களா?"

"யாரும் சொல்லல. நா வரைஞ்ச படத்துல தெரிஞ்சிடுச்சி."

"படத்துலயா?"

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. பூசை முடிந்து எல்லோரும் கலைந்த பிறகு அவள் எங்கள் கயிற்றுக் கடைக்கு வந்தாள். நான் கயிற்றுச் சுருளுக்குப் பின்னாலிருந்து கரிப் படத்தை எடுத்துக் காட்டினேன். வெகுநேரம் பார்த்தாள்.

"நா கூடவே நிக்கறதால எனக்கு இப்படித் தெரிஞ்சதே இல்ல" என்றாள். கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "உப்பு வெளிச்சத்துலயே இருந்து இருந்து போய்டுச்சிங்க. பாண்டி பெரியாஸ்பத்திரிக்கு ரகசியமா கூட்டிக்கினு போனேன். நரம்பு செத்துப் போச்சாம், ஒண்ணும் பண்ண முடியாதாம். முதலாளிக்குத் தெரிஞ்சா வேல போய்டும். இருக்கற வூடும் கம்பெனி வூடு. நா கல்யாணம் பண்ணிக்கினு போய்ட்டா அவரு வாய்க்கால்ல வுழுந்துதான் எந்திரிக்கணும். அதான் வர்றவங்கள எல்லாம் நானே வேணாம்னு சொல்லிட்டேன்."

ஊர் பேசியது தலைகீழ். தட்டிக் கழித்தது அவர் இல்லை, அவள்.

"இது புக்குல வருமா?" என்று கேட்டாள்.

"வரும். கண்ணு தெரியாத பூதம்னே சார் கதைய மாத்திட்டாரு."

"முதலாளி அவரு புள்ளைங்களுக்கு உங்க புக்கு எல்லாம் வாங்கிக் குடுக்கறாருங்க. மூஞ்சி தெரிஞ்சிடும். கண்ணும் தெரிஞ்சிடும்." படத்தை என்னிடம் நீட்டினாள். "வேணாங்க" என்றாள். கெஞ்சவில்லை, அழவில்லை. அந்த ஒரு வார்த்தைதான்.

திங்கட்கிழமை சாரிடம் போய், இந்தப் படம் வேண்டாம், வேறு போடுகிறேன் என்றேன். அவர் கையில் இருந்த கடலையைத் தட்டில் வைத்தார்.

"தம்பி, ஒரு சின்ன சந்தேகம். ஏன்?"

"சொல்ல முடியாது சார்."

"நா நல்லா இருக்குன்னு சொன்னேனே."

"கேட்டேன் சார். அதுதான் சார் கஷ்டமா இருக்குது."

என்னென்னவோ வேலைகளில் எத்தனையோ நாள் காத்திருந்து கேட்ட வார்த்தை. அதைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வேறொன்று கேட்கிறேன். சார் என்னைப் பார்த்துக்கொண்டே ஒரு கடலையை உரித்தார், தின்னவில்லை. "வேற மூஞ்சி இருக்குதா?" என்றார். "இருக்குது சார்" என்று வாய் கூசாமல் சொன்னேன். அவர் பெட்டியைத் திறந்து அட்டைப் படத்தை என்னிடமே கொடுத்துவிட்டார்.

வேறு முகம் எங்கே இருக்கிறது? மனதிலிருந்து எடுக்கக் கூடாது. ஊரில் மிச்சம் யாரும் இல்லை. கடைசியில் அம்மாவின் கண்ணாடியை ஜன்னலில் சாத்தி வைத்து என்னையே பார்த்தேன். பல்லைக் கடித்தேன், கண்ணை உருட்டினேன். அம்மா எட்டிப் பார்த்துவிட்டு, "வயிறு சரியில்லையாடா?" என்றாள். அதையே வரைந்தேன். பள்ளிக்கூடத்தில் வரிகளை மறைத்துப் படத்தைக் காட்டியதுமே வகுப்பு அதிர்ந்தது. எல்லோரும் என்னைக் கை காட்டினார்கள். "இவருதான்! இவருதான்!"

"சரி, இங்க இன்னா நடக்குது?" என்றார் சார்.

"அவசரமா வெளிய போவணும் சார்" என்றான் ஒருவன்.

"இல்ல சார், தண்ணி தவிக்குது. எம்மாம் உப்பு தின்னுச்சி!" என்றாள் அந்த மூக்கொழுகும் சிறுமி.

சார் "ம்" என்றார். கதை இரண்டாம் முறையாக மாறியது. உப்பைத் தின்றுவிட்டுத் தாகத்தில் தவிக்கும் பூதத்துக்குச் சிறுமி குவியலிலிருந்து வெளியே வந்து குடத்தில் தண்ணீர் மொண்டு கொடுத்தாள். அந்தப் புத்தகம் பல பதிப்புகள் போனது. எத்தனையோ வீடுகளில் குழந்தைகள் என்னைக் கண்டதும், "பூதம்" என்று ஓடி வந்து தண்ணீர் கொடுத்திருக்கிறார்கள். மறுத்தால் அழுவார்கள். குடித்துக் குடித்தே என் வயிறு ஊறிவிட்டது.

புத்தகம் வெளியான கொஞ்ச நாளில் மேஸ்திரி கூப்பிடுவதாகக் கண்டக்டர் வந்து சொன்னார். போனேன். வாசலுக்கு உள்ளே பெஞ்சியில் உட்கார்ந்திருந்தார். நேரே என்னைப் பார்க்கிற மாதிரியே தலையை வைத்துக்கொண்டார். விஷயம் தெரியாதவர்கள் ஏமாந்துதான் போவார்கள்.

"டேய் சூச, பூதத்துக்கு உன் மூஞ்சியே போட்டுக்கினியாமே?"

"ஆமாங்க."

"ஏன், நா இல்ல? கோட முச்சூடும் என்னத்தான வரைஞ்சிக்கினு கெடந்த?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "உங்களுக்கு எப்படிங்க..."

"முரட்டுக் காயிதத்துல கரி கீறுற சத்தம் கேக்காதா? நா நடந்தா அதுவும் ஓடும். நா நின்னா அதுவும் நிக்கும். உப்ப வரையறவனுக்கு ஏன்டா நா நின்னா நிக்கணும்?" கையை நீட்டினார். "எங்க அது? கிழிச்சிட்டியா?"

கிழிக்கவில்லை. கிழிக்க மனம் வரவில்லை. வீட்டுக்கு ஓடிப்போய் அந்தக் கரிப் படத்தை எடுத்து வந்து கையில் கொடுத்தேன். அவர் அதை வெளிச்சத்தின் பக்கம் திருப்பினார், கிட்டே கொண்டுபோனார், தள்ளி வைத்தார். விரல்களால் காகிதத்தின் மேல் மெதுவாகத் தடவினார். உள்ளே பாத்திரம் தேய்க்கும் சத்தம் நின்றுவிட்டது.

"எப்படிடா இருக்கேன்?" என்றார்.

பெரிய மீசையோடு, கம்பீரமாக என்று சொல்லியிருக்கலாம். வாய் வரை வந்தது. பொய் சொல்வதும் அவருக்கு நல்லதுக்குத்தான். ஆனால் அந்த முகத்தை அவ்வளவு நாள் பார்த்துவிட்டு, அதன் எதிரே நின்று பொய் சொல்ல எனக்கு வரவில்லை.

"கண்ணு தெரியாதவரு மாதிரி இருக்கீங்க" என்றேன்.

வாசலில் ஒரு கோழி கொக்கரித்துக்கொண்டு போனது. திட்டுவார், அடிப்பார், எழுந்து உள்ளே போய்விடுவார் என்று ஒவ்வொன்றாக எதிர்பார்த்தேன்.

"அப்ப சரியாத்தான் போட்டிருக்க" என்றார்.

பிறகு உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தார். "ரெஜினா, நாளையிலருந்து நீ வரப்புக்கு வர வேணாம்மா."

அவள் ஈரக் கையோடு ஓடி வந்தாள். "ஏம்ப்பா?"

"முதலாளி ஊருக்கு வந்திருக்காரு. இதக் கொண்டுபோய் நானே அவருகிட்ட காட்டிடறேன்."

"வேல போய்டும்பா. வூடும் போய்டும்."

"போவட்டும். பொட்டப் புள்ளைய வெயில்ல நிக்க வெச்சி இரும வெச்சிக்கினு நா மேஸ்திரி வேல பாக்கணுமா? எனக்குக் கண்ணுதான் தெரியல. அது கூடவா தெரியாது?"

ரெஜினா அவர் முழங்காலைக் கட்டிக்கொண்டு அழுதாள். நானும் அழுதேன் என்று எழுத வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் அழுதேன்.

வேலை போனது உண்மை. அந்தப் பருவம் முடிந்ததும் வேறு மேஸ்திரி வந்தார், கம்பெனி வீட்டைக் காலி செய்ய வேண்டியிருந்தது. அவர்கள் சாமான்கள் எங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்தபோது ரெஜினா எனக்கு மனைவியாகியிருந்தாள். அதெல்லாம் பிற்பாடு நடந்தது. அன்று மேஸ்திரி துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தார். படத்தைச் சுருட்டி அக்குளில் இடுக்கிக்கொண்டார். வாசற்படி வரை எவர் துணையும் இல்லாமல், பழக்கத்தில், விறைப்பாக நடந்தார். தெருவில் இறங்கியதும் நின்றுவிட்டார்.

"சூச."

"சொல்லுங்க."

"முதலாளி வூட்டுக்கு நா நடந்து போனதே இல்ல. வழி தெரியாது. நீ முன்னால போ."

அதுவரை ஒருவரும் தன்னைத் தொட்டுக் கூட்டிப்போக அவர் விட்டதில்லை. ஊர் பார்க்க, பட்டப்பகலில், என் தோள் மேல் கையை வைத்தார். நான் நடக்க ஆரம்பித்தேன். அவர் பின்னால் வந்தார்.